பஞ்சாப்ல கீறாரு

குழு: நம்ம வீட்டு ஆளுங்க
ஞாயிறு

பெரியப்பா, காலை 6:02
அனைவருக்கும் காலை வணக்கம். செவ்வாய் அன்று வேலூர் மிலிட்டரி கேண்டீன் செல்கிறேன். யாருக்கு என்ன வேண்டும் என்று நாளை மாலைக்குள் எழுதவும். வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டாம். எனக்குக் கேட்காது.

அம்மா, காலை 7:20
மாமா, ஹார்லிக்ஸ் 2, துணி சோப்பு 6. போன தடவ வாங்கின மாதிரி தோசைக்கல்லு இருந்தா ஒண்ணு.

குமார் மாமா, காலை 7:31
பலமுறை பகிரப்பட்டது
வெறும் வயிற்றில் சீரகத் தண்ணீர் குடித்தால் உடலில் நடக்கும் 7 அதிசயங்கள்... மேலும் படிக்க

பாபு, காலை 9:44
நேத்து ராத்திரி மறுபடி அமரன் பாத்தோம். அம்மாவுக்கு மூணாவது தடவை. 2 மணி 49 நிமிஷப் படம். பாட்டு வர்றப்ப மட்டும்தான் அழல.

அம்மா, காலை 9:46
ஹே மின்னலேக்கும் அழுதேன். நீ செல்ல நோண்டிட்டு இருந்த.

கவிதா அக்கா, காலை 9:50
எனக்கு சாய் பல்லவி முகம்தான் படம் சித்தி. சண்டை வந்தா நான் அடுப்படிக்குப் போயிடுவேன். வீட்டு சீன் வந்தா திரும்பி வருவேன்.

பெரியப்பா, காலை 10:05
தம்பி பாபு, போன தடவை இந்தப் படம் பார்த்தபோது, இதில் வரும் மேஜர் முகுந்த் வரதராஜன் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று எழுதினாய். தவறு. அவர் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், சென்னை ஓ.டி.ஏ. என்ற ஆபீசர் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து 2006இல் ஆபீசர் ஆனவர். ரெஜிமென்ட் ராஜ்புத், 22ஆவது பட்டாலியன். அங்கிருந்து 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸுக்கு (ஆர்.ஆர்.) டெபுடேஷன். ஆர்.ஆர்.க்குப் பல ரெஜிமென்டிலிருந்தும் ஆள் எடுத்து இரண்டு மூன்று வருடம் காஷ்மீரில் வைப்பார்கள். பிறகு அவரவர் யூனிட்டுக்குத் திரும்பவேண்டும்.
மெட்ராஸ் ரெஜிமென்ட் நாங்கள். 1758இல் தொடங்கியது. சென்டர் ஊட்டி பக்கம் வெலிங்டன்.

பாபு, காலை 10:06
வீர மதராஸி! அடி கொல்லு அடி கொல்லு!

பெரியப்பா, காலை 10:08
விளையாட்டு இல்லை. அது எங்கள் போர் முழக்கம்.

பாபு, காலை 10:09
சாரி பெரியப்பா.
அப்ப மணி அண்ணனும் டெபுடேஷன்தானே?

பாபு, காலை 10:10
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா, காலை 10:10
பார்த்துவிட்டேன். எந்த இடம், எந்த யூனிட் என்று குரூப்பில் போடாதே. எத்தனை தடவை சொல்வது.

சுமதி அண்ணி, காலை 10:15
நானே சொல்லலாம்னு இருந்தேன் மாமா. 2020லயே ஆர்மில ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாத்தையும் எடுக்கச் சொல்லி ஆர்டர் போட்டாங்க பாபு. நான்கூட ஸ்டேட்டஸ்ல அவர் யூனிஃபார்ம் போட்டோ வைக்கறதில்ல. பாப்பா வரைஞ்ச அப்பா படம்தான் வைக்கறேன். அதுல அவருக்கு நாலு கை.

கவிதா அக்கா, காலை 10:17
சுமதி, உனக்குப் படம் எப்படி இருந்தது? நீ ஒண்ணுமே சொல்லல.

சுமதி அண்ணி, காலை 10:31
தியேட்டருக்கு நான் வரல அண்ணி. வயித்துவலின்னு சொன்னது பொய். அப்புறம் செல்லுல பாத்தேன், அவர் லீவுல வந்து பக்கத்துல உக்காந்திருந்தப்ப. அவர் இல்லாம என்னால பாக்க முடியாது.
நல்ல படம்தான். ராணுவப் படம்னாலே பொண்டாட்டி ரெண்டு சீனுக்கு வருவா, ஒரு போட்டோவ பாத்துட்டுப் போயிடுவா. இதுல கதையே மேஜர் பொண்டாட்டி இந்து வழியாத்தான் போகுது. அது பிடிச்சது. ஆனா படத்துல காத்திருக்கறது ரொம்ப அழகா இருக்கு. எனக்கு அப்படி இல்ல. கேஸ் புக் பண்ணணும், கரண்ட் பில் கட்டணும், ரேஷன் கார்டுல பாப்பா பேரு ஏத்தணும், மாமாவ காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். இதுக்கு நடுவுல அவர்கிட்ட எதச் சொல்லணும், எதச் சொல்லக்கூடாதுன்னு பிரிச்சு வைக்கணும். அதுதான் பெரிய வேலை. பாப்பாவுக்கு டெங்குன்னு ஆஸ்பத்திரில சேத்தப்ப நாலு நாள் சொல்லல. தூங்கறா, வெளையாடறான்னே சொன்னேன். அங்க அவர் துப்பாக்கி புடிக்கற கை நடுங்கக்கூடாதில்ல.

பாபு, காலை 10:33
அண்ணி இது எனக்குத் தெரியாது.

சுமதி அண்ணி, காலை 10:38
அவருக்கே பொங்கலுக்கு வந்தப்பதான் தெரியும். ஒரு நாள் முழுக்கப் பேசல.
இன்னொண்ணு. நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது. முதல் தடவ போனப்ப அது தெரியாம போயிட்டாரு. ஜம்மு தாண்டினதும் நம்பர் செத்துப்போச்சு. மூணு நாள் ஒத்த டிக். ரெண்டாவது டிக் விழுந்தப்ப ராத்திரி ரெண்டரை மணி. எழுந்து தோசை ஊத்தி சாப்ட்டேன்.

அம்மா, காலை 10:40
அடிப் பொண்ணே.

பெரியம்மா, காலை 10:52
🎤 வாய்ஸ் மெசேஜ் (1:48)

பெரியப்பா, காலை 10:53
என்ன சொல்கிறாள்?

பாபு, காலை 10:53
ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க பெரியப்பா 😄

பெரியப்பா, காலை 10:54
அவள் மாடியில் வடகம் பிழிகிறாள். எனக்கு முழங்கால் வலி.

கவிதா அக்கா, காலை 11:06
இருங்கப்பா, டைப் பண்றேன். அம்மா சொன்னத அப்படியே போடறேன்:
"படம் நல்லாத்தான் கீது. அந்தப் பொண்ணு போன்ல பேசறா, மூஞ்சிய பாக்கறா. எனக்கு ஏது அதெல்லாம்? கல்யாணம் 84 வைகாசி. உங்கப்பா ரிடையர் ஆனது 2003. பத்தொம்பது வருஷம். வருஷத்துக்கு ரெண்டு மாசம் ஆனுவல் லீவு, ஒரு மாசம் கேஷுவல். மொத்தத்தயும் குட்த்தாக்கூட அம்பத்தேழு மாசம். அஞ்சு வருஷம் கூட வரல. நடுவுல செகந்திராபாத்ல குவார்ட்டர்ஸ் குட்த்தாங்க, அது ரெண்டு வருஷம். பத்தொம்பதுல ஏழுதான் குடும்பம் நடத்தனது. படத்துல வர்ற பொண்ணுக்கு 2009ல கல்யாணம். 2014 ஏப்ரல்ல அவரு போயிட்டாரு. அவங்களுக்கு எத்தினி மாசம் மிஞ்சியிருக்கும்னு விரல மடக்கினு வந்தேன். பாதியில உட்டுட்டேன். அப்புறமா 2015 ஜனவரி 26ல டெல்லியில ஜனாதிபதி கையால அசோக் சக்ரா வாங்குச்சே, அத அன்னிக்கே டிவில பாத்தேன். அமெரிக்கா ஜனாதிபதி ஒபாமா உக்காந்துனு கீறாரு. அந்தப் பொண்ணு அழவே இல்ல. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சது, நான் எழுந்திருக்கல."

பெரியப்பா, காலை 11:15
கேஷுவல் லீவ் எல்லா வருடமும் முழுதாகக் கிடைத்தது இல்லை. ஆறு வருடத்துக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்.
2014இல் காஷ்மீர் ஷோபியானில் மேஜரோடு சிப்பாய் விக்ரம் சிங்கும் வீரமரணம். அவர் வீட்டிலும் காத்திருந்தவர்கள் உண்டு. படம் பார்ப்பவர்கள் அந்தப் பெயரையும் நினைவில் வைக்கவேண்டும்.

குமார் மாமா, காலை 11:17
பெரிய மாமா, கேண்டீன்ல பிரிட்ஜ் என்னா விலை?

கவிதா அக்கா, காலை 11:18
மாமா கொஞ்சம் இருங்க.

பெரியம்மா, காலை 11:21
🎤 வாய்ஸ் மெசேஜ் (3:32)

பாபு, காலை 11:26
அக்கா, இத நீயே டைப் பண்ணு. நான் கேட்டுட்டேன். என்னால முடியல.

கவிதா அக்கா, காலை 11:49
அப்பா, நிதானமா படிங்க.
"லெட்டர்ல ஊர் பேரே இருக்காது. நம்பரு, பேரு, மெட்ராஸ் ரெஜிமென்ட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ., பட்டாளத்து போஸ்ட் ஆபீசு. அவ்ளோதான். ராஜஸ்தான்ல கீறாரா, மலை மேல கீறாரா, எல்லாத்துக்கும் அதே விலாசம். 87 புரட்டாசில ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்துச்சு. 'இங்கே தென்னை மரம் நிறைய. வெயில் அதிகம். பேச்சு நம் பேச்சுதான்'னு எழுதி இருந்தாரு. எனக்குப் புரிஞ்சிப்போச்சு. சிலோன்.
புரட்டாசி கடைசில அங்க புலிகளோட சண்டை ஆரம்பிச்சிட்டாங்க. முப்பத்தெட்டு நாள் லெட்டர் இல்ல. கவிதா ஒன்றரை வயசு, இடுப்பவுட்டு எறங்க மாட்டா. காலைல டெல்லிலேர்ந்து சரோஜ் நாராயணசுவாமி நியூஸ் படிக்கும். ராத்திரிக்கு வாத்தியார் ஊட்டுத் திண்ணையில பிபிசி தமிழோசை. ஊரே அங்கதான் உக்காந்துனு இருக்கும். எல்லாரும் யாழ்ப்பாணத்து ஜனத்துக்காகக் கேக்கறாங்க. நானும் அதுக்குத்தான் கேக்கறாப்பல உக்காந்துனு இருந்தேன்.
ஒருநாள் குழாயடில ஒருத்தி, 'நம்ம ஜனத்தயே சுடப் போயிருக்கானுங்களாம், அவனுங்க கை வெளங்குமா'ன்னா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். நான் குடத்த தூக்கினு வந்துட்டேன். மறாநாள் அவளே கேக்கறா, உங்கூட்டுக்காரரு எங்க கீறாருன்னு. பஞ்சாப்ல கீறாருன்னுட்டேன். வாய்ல அதான் வந்துச்சு. அப்புறம் எல்லாருக்கும் அதே. மாமியாருக்கும் அதே. எங்கம்மாவுக்கும் அதே. கம்மவான்பேட்டை மாதிரி ஊட்டுக்கு ஊடு பட்டாளத்து ஆளு இருந்தா சேந்தாவது அழுதிருக்கலாம். நம்ம ஊர்ல மூணே பேரு, மத்த ரெண்டு பேரும் வேற எங்கயோ.
அந்தப் பக்கம் சாவறதும் நம்ம பேச்சு பேசற ஜனம். இந்தப் பக்கம் எங்கூட்டு ஆளு. மாரியம்மன் கோயிலுக்குப் போனா இன்னான்னு வேண்டறது? சூடம் ஏத்திட்டு சும்மா நின்னுனு இருந்துட்டு வந்துடுவேன்.
காஷ்மீர்னா கை தட்றாங்க, படம் எடுக்கறாங்க. எடுக்கட்டும், நல்லதுதான். என் கதைக்கு யாரும் கை தட்ட முடியாது. எனக்கே தட்ட வராது."

அம்மா, பகல் 11:53
அக்கா, நான் அப்ப ஏழாங்கிளாஸ். நானும் பஞ்சாப்னுதான் நெனச்சினு இருந்தேன். இன்னிக்கு வரைக்கும்! பள்ளிக்கூட மேப்புல பஞ்சாப்ப தேடி பென்சில்ல வட்டம் போட்டு வெச்சிருந்தேன்.

சுமதி அண்ணி, பகல் 11:55
அத்தை, நான் உங்ககூட ஒரே சமையக்கட்டுல எட்டு வருஷமா இருக்கேன். ஒரு தடவ கூட சொல்லல.
மாடிக்கு வர்றேன்.

பாபு, பகல் 12:12
பெரியப்பா கால் மணி நேரமா டைப் பண்றாரு. யாரும் நடுவுல எதுவும் போடாதீங்க.

குமார் மாமா, பகல் 12:13
சரி

பெரியப்பா, பகல் 12:24
88 மாசியில் பதினைந்து நாள் லீவில் வந்தேன். பஸ் விட்டு இறங்கியதும் டீக்கடைக்காரர் குளிரெல்லாம் எப்படி என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. வாத்தியார் வீட்டுக்கே வந்தார். அங்கே கோதுமை எப்படி விளைகிறது, கால்வாய்ப் பாசனமா, போர்வெல்லா என்று கேட்டார். லீவு முழுக்க எல்லோரும் கோதுமை பற்றியே கேட்டார்கள். ஏதோ குழப்பம் என்று நினைத்தேன். எங்கே இருக்கிறோம் என்று நாங்களும் வெளியில் பேசுவதில்லை. அதனால் நன்றாக விளைகிறது என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்றார். இருபது என்றேன்.

இவளிடம் நானும் கேட்கவில்லை. அங்கே நடந்தது எதையும் சொல்லவும் இல்லை. இப்போதும் சொல்லமாட்டேன். அந்தச் சண்டையில், அமைதிப்படை என்று போன நம் ராணுவத்தில் ஆயிரத்துக்கும் மேல் போனார்கள். அந்த ஊர் ஜனங்களும் நிறையப் போனார்கள். காது போனது அங்கேதான், அது எல்லோருக்கும் தெரியும். மோர்ட்டார் குண்டு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

90 மார்ச்சில் எங்கள் ஆட்கள் கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. உடன் இருந்த பலருக்குக் கோபம். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பக்கத்துக் கிழவி ஒருத்தி என்னைத் தம்பி என்று கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டது காதில் இருந்தது. அப்போது ஒரு காது கேட்கும்.

பாபு, பகல் 12:27
பெரியப்பா...

பெரியப்பா, பகல் 12:31
கவிதா, உன் அம்மாவிடம் சொல். அந்த முப்பத்தெட்டு நாளிலும் நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். தபால் போகவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே கட்டாக வந்திருக்குமே?

பெரியம்மா, பகல் 12:36
🎤 வாய்ஸ் மெசேஜ் (0:09)

கவிதா அக்கா, பகல் 12:38
"பதினொண்ணு வந்துச்சு. டிரங்குப் பெட்டியில கீது."

பெரியப்பா, பகல் 12:40
பதினான்கு எழுதினேன்.

பெரியம்மா, பகல் 12:47
🎤 வாய்ஸ் மெசேஜ் (0:14)

பெரியப்பா, பகல் 12:48
என்ன சொல்கிறாள்?

கவிதா அக்கா, பகல் 12:50
கேண்டீன்ல கோதுமை மாவு அஞ்சு கிலோ வாங்கினு வரச் சொல்றாங்க. பஞ்சாப் கோதுமையான்னு பாத்து வாங்கணுமாம். ஏக்கருக்கு இருபது மூட்டை விளையற ஊராம்.

பெரியப்பா, பகல் 12:52
சரி. எழுதிக்கொண்டேன்.
குமார், பிரிட்ஜ் விலை செவ்வாய் அன்று கேட்டுச் சொல்கிறேன்.