கேம்பர் டிரெய்லருக்கு எந்தக் கப்ளர் போடலாம்? ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா பாதைக்குப் போகிறோம்

அடிலெய்ட்_செம்மண்:
வணக்கம் நண்பர்களே. பழைய கேம்பர் டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறேன், சாமானோடு மொத்த எடை 1,600 கிலோ. முன்னால் காரோடு இணைக்க இருப்பது சாதாரண 50 மி.மீ. பால் கப்ளர், காரின் பின்னால் நிற்கும் இரும்புக் குண்டை (பால்) கவ்விக்கொள்வது, ஓவர்ரைடு பிரேக்கோடு. ஜூலை விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஃபிளிண்டர்ஸ் மலைப்பக்கம் நான்கு நாள், அப்புறம் மாரியிலிருந்து மார்லா வரை ஊட்னடாட்டா பாதை. 600 கிலோமீட்டருக்கு மேல் மண் சாலை.

போன வாரம் வறண்ட ஓடை ஒன்றில் இறங்கி ஏறும்போது காரின் பின்பக்கம் இடப்புறம் சாய, டிரெய்லர் வலப்புறம் சாய, கப்ளரிலிருந்து கிர்ரென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பாலின் கழுத்தில் பளபளவென்று புதுக் கீறல், கப்ளரின் உதடு அங்கேதான் முட்டியிருக்கிறது. அன்றிலிருந்து அதை நம்பிக் கிளம்ப மனம் வரவில்லை. டி.ஓ.35, மெக்ஹிட்ச், ட்ரெக் என்று மூன்று பேர் மூன்று வகைக் கப்ளர் சொல்கிறார்கள். நீண்ட நாள் உழைப்பது எது?

பட்டறை_மெல்பர்ன்:
அந்தக் கீறலைக் கவனித்தது நல்லது தம்பி. பால் கப்ளர் மேல்கீழாகவும் இடவலமாகவும் நன்றாகத் திரும்பும், ஆனால் காரும் டிரெய்லரும் எதிரெதிராகச் சாயும்போது கொஞ்சம்தான் இடம் கொடுக்கும். அதற்கு மேல் போனால் உதடு கழுத்தில் முட்டி நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். அப்போது கப்ளர் விரியலாம், இல்லை டிராபார் (டிரெய்லரின் முன்பக்க இழுவைச் சட்டம்) முறுக்கிக்கொள்ளும். தார் சாலையில் இந்தப் பிரச்சினையே வராது. நீங்கள் சொன்ன மூன்றும் இப்படிப் பக்கவாட்டில் சாயும் திசையில் முழுச்சுற்று சுற்றும், அதனால் டிரெய்லர் கவிழ்ந்தாலும் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும் ஆபத்து குறைவு.

டி.ஓ.35-இல் காரின் டங்கில் (பால் மாட்டும் இரும்புத் தகடு) பாலுக்குப் பதிலாக நிமிர்ந்த இரும்பு முளை, அதாவது பின், ஒன்று நிற்கும், கப்ளர் மேலிருந்து இறங்கி அதைக் கவ்விக்கொள்ளும். பால் மாட்டும் அதே துளையில் பின் உட்காரும், டங்கை மாற்ற வேண்டாம். மெக்ஹிட்ச் யுனிவர்சல் ஜாயிண்ட், லாரியின் புரப்பெல்லர் ஷாஃப்டில் பார்ப்பது போலத்தான். கிரீஸ் விட மறக்காதவர்களுக்கு நன்றாக உழைக்கும். இரண்டிலுமே 3,500 கிலோவுக்கான மாடல் இருப்பதால் உங்கள் வண்டிக்குத் தாராளம். நானாக இருந்தால் டி.ஓ.35 போடுவேன், மேடுபள்ளமான இடத்தில் கழற்றி மாட்டச் சுலபம் என்ற ஒரே காரணத்துக்காக. ஆனால் அசலை வாங்குங்கள். தாங்கும் எடையும் தயாரிப்பாளர் பெயரும் உலோகத்திலேயே பொறிக்காத நகல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

குயின்ஸ்லாந்து_அக்கா:
ஏழு வருடமாக ட்ரெக் வைத்திருக்கிறேன், அதற்காகக் கொஞ்சம் பேசுகிறேன். பாலியுரிதேன் கட்டை ஒன்று, அதன் நடுவே ஒரு பின், அவ்வளவுதான். இரும்போடு இரும்பு உரசாததால் கொருகேஷனில் (மண் சாலையின் அலை அலையான மேடுபள்ளம்) கூட சத்தம் வராது, தூசிக்கும் பயமில்லை. கட்டை தேய்ந்து ஆட்டம் கண்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அரை மணி நேர வேலை. ஆனால் பின்னைச் செருக இரண்டு துளையும் நேராக வந்து நிற்க வேண்டும், சரிவான முகாமில் இருட்டிய பிறகு நானும் கணவரும் அதற்காகவே சண்டை போட்டிருக்கிறோம். தனியாக மாட்டுவதாக இருந்தால் பட்டறை அண்ணா சொன்னதையே எடுங்கள்.

அடிலெய்ட்_செம்மண்:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. டி.ஓ.35 பக்கம்தான் மனம் போகிறது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் போதும்தானே?

பட்டறை_மெல்பர்ன்:
போதாது, இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. உங்களுடையது ஓவர்ரைடு பிரேக். நீங்கள் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுகிறது, கப்ளரே பின்னால் நகர்ந்து பிரேக் கேபிளை இழுக்கிறது. நகராத கப்ளரைப் போட்டால் டிரெய்லருக்குப் பிரேக்கே கிடையாது! 750 கிலோவுக்கு மேல் பிரேக் இருந்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். எலெக்ட்ரிக் பிரேக் டிரம்களும் காருக்குள் ஒரு கன்ட்ரோலரும் சேர்த்துப் போடுங்கள். செலவுதான், ஆனால் நீண்ட கல் இறக்கத்தில் ஓவர்ரைடு பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்து சூடேறும், அந்தத் தொல்லையும் இதோடு தீரும். பணம் இப்போது இடிக்கிறது என்றால் இந்த ஜூலைக்குப் பழைய கப்ளரோடு மாரி–மார்லா மட்டும் போய் வாருங்கள், ஓடைக்குள் இறங்கும் குறுக்குப் பாதைகளைத் தவிர்த்துவிடலாம். அதற்கும் முன்பு பாலை வெர்னியர் அளவுகோல் வைத்து அளங்கள், 49 மி.மீ.க்கு வந்திருந்தாலோ வட்டம் கெட்டிருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

பெர்த்_பயணி:
கப்ளரைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் போல்ட்டைப் பற்றிச் சொல்கிறேன். கிப் ரிவர் மண் சாலைக்குக் கிளம்பும் முன் ஒரு கடையில் புதுக் கப்ளர் மாட்டினேன், அவர்கள் பழைய நைலாக் நட்டுகளையே (உள்ளே நைலான் வளையம் உள்ளவை) திரும்பப் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை ஏதோ தோன்றி குனிந்து பார்த்தால் நான்கில் இரண்டு நட் இல்லை, மூன்றாவது விரலால் சுற்றினாலே கழன்றது. பெண்டாட்டி பிள்ளைகள் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க, என் கை நடுங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. புது போல்ட், புது நட், குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச். முதல் 50 கிலோமீட்டரில் ஒரு முறை, அப்புறம் தினமும் காலையில் ஒரு முறை இறுக்கம் பாருங்கள்.

பாதுகாப்புச் சங்கிலி டிராபாரோடு பற்றவைத்ததாக இருக்க வேண்டும், கப்ளரில் மாட்டியதாக இருக்கவே கூடாது. கப்ளர் கழன்று போனால் மிச்சம் பிடிப்பது அதுதான். 2,500 கிலோ வரை சட்டத்துக்கு ஒன்று போதும், நான் இரண்டு போட்டுக் குறுக்காக மாட்டுகிறேன். சங்கிலியைக் காரோடு மாட்டும் ஷாக்கிளில் தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும்.

அடிலெய்ட்_செம்மண்:
இப்போதுதான் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். சங்கிலியின் கடைசி வளையம் கப்ளர் போல்ட்டில்தான் கோர்த்திருக்கிறது. பால் 49.2. சனிக்கிழமை வெல்டரிடம் கொண்டுபோகிறேன், எலெக்ட்ரிக் பிரேக்குக்கும் அவரிடமே விலை கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.