ஐ சிங்: மூன்று காசா, ஐம்பது குச்சியா?

முக்காசு:
சீனக் குறிநூலான ஐ சிங் பார்க்கக் குச்சிக்கட்டோடு உட்கார வேண்டியதில்லை. ஒரே மாதிரி மூன்று காசு போதும். தலைக்கு 3, பூவுக்கு 2. உருட்டிக் கூட்டினால் 6, 7, 8, 9-ல் ஒன்று வரும். யின் என்றால் நடுவில் முறிந்த கோடு, யாங் என்றால் முழுக்கோடு. 6 மாறும் யின் (யாங்காகிவிடும்), 9 மாறும் யாங் (யின்னாகிவிடும்). 7 யாங், 8 யின், இரண்டும் மாறாதவை. ஆறு முறை போட்டுக் கீழிருந்து மேலாகக் கோடு வரைந்தால் 64 உருவங்களில் ஒன்று கிடைக்கும். மேலிருந்து வரைந்தால் பெரும்பாலும் வேறொரு உருவத்தின் பலனைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். மற்றபடி தப்பு வர இடமில்லை.

குச்சிக்கட்டு:
கணக்கே மாறுகிறதே ஐயா! காசில் 6, 9 இரண்டுக்கும் 8-ல் 1 வாய்ப்பு. குச்சியில் 9-க்கு 16-ல் 3, 6-க்கு 16-ல் 1தான்.

50 குச்சியில் ஒன்றை ஒதுக்கி, 49-ஐக் கண்ணளவாக இரண்டாகப் பிரிக்கிறோம். வலக் குவியலில் ஒன்றை எடுத்து இடக்கை விரலிடுக்கில் செருகி, இரு குவியலையும் நான்கு நான்காகக் கழிக்கிறோம். மிச்சமும் செருகியதும் சேர்ந்து 5 அல்லது 9. நாலுக்கு மூன்று தடவை 5தான். அவற்றை விலக்கிவிட்டு இன்னும் இரண்டு சுற்று. அவற்றில் 4 அல்லது 8, சரிபாதி. கடைசியில் 36, 32, 28, 24 குச்சிகளில் ஏதோ ஒன்று நிற்கும். நாலால் வகுத்தால் 9, 8, 7, 6. அந்த 6 வர 9, 8, 8 என்று வரிசையாக விழ வேண்டும். அதனால்தான் அரிது.

மீதியில்லாமல் கழிந்தால் மிச்சம் 4 என்று கொள்ள வேண்டும். பலர் 0 என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி எண்ணினால் 9 அல்லது 10தான் வரும். 10 என்று ஒரு கோடே கிடையாது.

முக்காசு:
மாறும் கோடு வரும் வாய்ப்பு மொத்தத்தில் இரண்டிலும் நாலில் ஒன்றுதானே? ஆறு கோட்டில் ஒன்றுகூட மாறாமல் இருப்பதும் இரண்டிலும் சுமார் 18 சதவீதம். பழமை என்றால், சீனாவின் மவாங்துய் கல்லறையில் 1973-ல் கிடைத்த ஐ சிங் பட்டுச்சுவடியில் இந்த 50 குச்சிப் பகுதியே இல்லை. கல்லறை மூடப்பட்டது கி.மு. 168-ல். நீங்கள் சொல்லும் முறையை 12ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர் சீன அறிஞர் சூ சி.

குச்சிக்கட்டு:
ஒரு சுவடியில் இல்லாததாலேயே அன்று வழக்கிலும் இல்லை என்றாகாது. மொத்தம் ஒன்றானாலும் யின்னும் யாங்கும் சமமாக மாறுவதில்லை. பலன் சொல்வது அதை வைத்துத்தானே?

ஓரத்திலிருந்து:
மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களின் குறிபார்க்கும் முறையான இஃபாவிலும் இரண்டு கருவி உண்டு. எட்டு விதை கோத்த ஒப்பெலே சங்கிலியை ஒருமுறை வீசினால் 256 ஒடுவில் (குறி உருவங்களில்) ஒன்று கிடைத்துவிடும். 16 எண்ணெய்ப்பனைக் கொட்டைகளை அள்ளும் முறை மெதுவானது: ஒன்று மிஞ்சினால் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு, வேறு எண்ணிக்கை என்றால் மறுபடி அள்ளல். அன்றாடக் கேள்விக்குச் சங்கிலி, பெரிய காரியத்துக்குக் கொட்டை. அங்கே இதற்குச் சண்டை இல்லை.

குச்சியின் கணக்கே வேண்டுமென்றால் உங்களுக்கு 16 மணி போதும், எண்ணுக்கு ஒரு நிறம்: 6-க்கு 1, 7-க்கு 5, 8-க்கு 7, 9-க்கு 3. பையிலிருந்து பார்க்காமல் ஒன்று எடுங்கள். எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கிவிட்டு அடுத்தது. போட மறந்தால், ஒருமுறை 6 வந்தபின் மறுபடி வரவே வராது.

குச்சிக்கட்டு:
கணக்குச் சரி. ஆனால் கோட்டுக்கு மூன்றாக 18 சுற்று எண்ணும்போது மனம் கேள்வியிலேயே நிற்கும். பைக்குள் கைவிட்டு எடுப்பதில் அது வருமா?

முக்காசு:
18 சுற்றில் கேள்வியே மறந்துபோகும்! முதலில் தாளில் எழுதி வையுங்கள்.