ஸ்விட்ச் 2-இல் பழைய கேம்கள் எந்த அளவுக்கு இயங்கும்? (2025-இல், கருவி வெளிவருவதற்கு முன் நடந்த உரையாடல்)

பெட்டிநிறைய_கார்ட்ரிட்ஜ்:

வணக்கம். 2025 ஜூன் 5 அன்று வெளிவரவிருக்கும் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 விளையாட்டுக் கருவிக்காக ஆவலோடு காத்திருப்பவர்களில் நானும் ஒருவன். 7.9 அங்குலத் திரையும் 256 ஜிபி உள் சேமிப்பகமும் மகிழ்ச்சி தந்தாலும், என் கவலை முழுவதும் 2017 முதல் சேர்த்துவைத்திருக்கும் கேம்களைப் பற்றியதுதான். பழைய கேம்கள் புதிய கருவியில் இயங்கும் என்று சொல்லும் நிறுவனம், சில கேம்கள் முழுமையாக இயங்காமல் போகலாம் என்றும் சேர்த்தே சொல்கிறது. நின்டெண்டோவின் பழைய டிஎஸ் கருவியில், அதற்கும் முந்தைய கேம் பாய் அட்வான்ஸின் கார்ட்ரிட்ஜைச் செருகினால் மறுபேச்சில்லாமல் ஓடியது. இருபது ஆண்டுகளுக்கு முன் இயல்பாக நடந்த ஒன்றுக்கு இப்போது மட்டும் ஏன் இத்தனை நிபந்தனைகள்? பழைய கருவியை விற்றுவிட்டுப் புதியதை வாங்குவதா, இரண்டையும் வைத்துக்கொள்வதா என்று தீர்மானிக்க வேண்டியிருப்பதால், விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நிரல்வழி:

நீங்கள் சொன்ன டிஎஸ் உதாரணத்திலிருந்தே தொடங்கலாம். கேம் பாய் அட்வான்ஸில் இருந்த ஏஆர்எம்7 செயலி டிஎஸ்ஸுக்குள்ளும் இருந்தது. அதற்கும் முந்தைய கேம் பாயின் 8-பிட் செயலி அட்வான்ஸுக்குள் இருந்தது. பின்னால் வந்த 3டிஎஸ், வீ யூ ஆகிய கருவிகளும் இதே வழியில், முந்தைய கருவியின் வன்பொருளை உள்ளே வைத்துக்கொண்டுதான் பழைய கேம்களை ஓட்டின. அதாவது, பழைய கேம் தன் பழைய வீட்டிலேயேதான் குடியிருந்தது.

ஸ்விட்ச் 2-இல் அந்த ஏற்பாடு இல்லை. முதல் ஸ்விட்சில் இருப்பது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப். அதன் கிராஃபிக்ஸ் பகுதி மேக்ஸ்வெல் என்ற கட்டமைப்பைச் சேர்ந்தது. புதிய கருவியிலும் என்விடியா சிப்தான் என்றாலும், அதன் கிராஃபிக்ஸ் பகுதி வேறு தலைமுறையைச் சேர்ந்தது. பொதுச் செயலிகள் இரண்டுமே ஏஆர்எம் குடும்பம் என்பதால் அந்தப் பக்கத்தில் பெரிய தொல்லை இல்லை. தொல்லை எல்லாம் ஷேடர்களில், அதாவது திரையில் ஒளி, நிறம், நிழலைக் கணக்கிடும் சிறு நிரல்களில்தான் இருக்கிறது.

கணினியில் ஒரு கேமை ஓட்டும்போது, அதன் ஷேடர் நிரல்களை நம்மிடமுள்ள கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஏற்ற இயந்திர மொழிக்கு டிரைவர் என்ற மென்பொருள் மாற்றிக்கொள்கிறது. சில கேம்களை முதன்முறை திறக்கும்போது "ஷேடர்கள் தயாராகின்றன" என்று ஒரு கோடு மெல்ல நகர்வதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஸ்விட்ச் போன்ற கருவியில் எல்லோரிடமும் இருப்பது ஒரே வகைச் சிப் என்பதால், அந்த மாற்றத்தை உருவாக்குநர்களே முன்கூட்டிச் செய்து, கேமோடு சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். கேம் தடங்கலின்றி ஓடுவதற்கு அது மிக நல்ல வழி; ஆனால் மேக்ஸ்வெல்லுக்கென்றே எழுதப்பட்ட கட்டளைகளை வேறு தலைமுறைச் சிப் நேரடியாகப் புரிந்துகொள்ளாது. யாராவது நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாக வேண்டும்.

பழைய கருவியை மென்பொருளாலேயே போலச்செய்யும் முழு எமுலேட்டரை எழுதினால் கருவி எந்நேரமும் உச்ச வேகத்தில் உழைக்க வேண்டிவரும், பேட்டரி தாங்காது என்பதால், கேமின் தரவைப் படிக்கும்போதே உடனுக்குடன் மாற்றித் தரும் ஓர் இடைப்பட்ட முறையைக் கையாண்டிருப்பதாக நின்டெண்டோவின் பொறியாளர்கள் ஏப்ரலில் வெளியான நேர்காணலில் விளக்கியிருக்கிறார்கள். கையில் வைத்து விளையாடும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான தீர்வு இருக்க முடியாது என்பது என் கருத்து. மொழிபெயர்ப்பு என்று வந்துவிட்டால் ஒவ்வொரு கேமையும் ஓட்டிப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். நிறுவனம் வெளியிட்டுள்ள பட்டியலில், தொடங்கவே மறுப்பவை, தொடங்கிய பின் உள்ளே சிக்கல் தருபவை என்று தனித்தனியே பிரித்திருப்பது அதனால்தான். இவற்றில் பலவும் பின்னால் வரும் மென்பொருள் புதுப்பிப்புகளால் சரியாகக்கூடிய வகையைச் சேர்ந்தவை. ஆகவே, பட்டியலில் ஒரு கேமின் பெயரைப் பார்த்தவுடன் அதைக் கைகழுவிவிட வேண்டாம்.

வளையம்சுற்றி:

மேலே உள்ள விளக்கம் அருமை. எந்தப் புதுப்பிப்பாலும் சரியாகாத ஒரு வகையும் இருப்பதால் அதைச் சேர்த்துவிடுகிறேன்.

ஸ்விட்சின் இருபுறமும் பொருத்தும் கட்டுப்பாட்டுக் கருவிகள்தான் ஜாய்-கான்கள். பழைய வலது ஜாய்-கானின் அடிப்பகுதியில் கறுப்பாக ஒரு சிறு கண்ணாடி இருக்கும். அது அகச்சிவப்புக் கேமரா. 1-2-ஸ்விட்ச் என்ற கேமில் சாப்பாட்டுப் போட்டி என்றொரு சிறு விளையாட்டு உண்டு. ஜாய்-கானை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு மெல்லுவதுபோல் வாயைத் திறந்து மூடினால், அந்தக் கேமராதான் கணக்கெடுக்கும். புதிய ஜாய்-கான் 2-இல் அந்தக் கேமராவே கிடையாது. உடற்பயிற்சி கேமான ரிங் ஃபிட் அட்வெஞ்சருக்கும் பழைய ஜாய்-கான்கள்தான் வேண்டும். அட்டையால் செய்யும் லேபோ வரிசையின் விஆர் (மெய்நிகர்) தொகுப்போ பழைய கருவியின் அளவுக்கே வெட்டப்பட்டது என்பதால், புதிய கருவி அதற்குள் நுழையாது.

பழைய ஜாய்-கான்களைப் புதிய கருவியோடு கம்பியில்லாமல் இணைக்கலாம். ஆனால் புதியதில் காந்தப் பிணைப்பு வந்துவிட்டதால், பக்கவாட்டில் பொருத்தவும் முடியாது, அங்கிருந்து சார்ஜ் ஏற்றவும் முடியாது. சார்ஜ் ஏற்றும் வசதியுள்ள கைப்பிடியோ பழைய ஸ்விட்சோ தேவைப்படும். என்னைப் போல் தினமும் காலையில் ரிங் ஃபிட் செய்பவர்கள் பழைய கருவியை விற்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

பெட்டிநிறைய_கார்ட்ரிட்ஜ்:

இருவருக்கும் மிக்க நன்றி. என்னிடம் ரிங் ஃபிட் இல்லை. பெரும்பாலும் செல்டா, போக்கிமான் வரிசைகள்தான். அப்படியானால் விற்றுவிடலாம் என்றே தோன்றுகிறது. கேம்கள் இருக்கும் மெமரி கார்டை அப்படியே கழற்றிப் புதியதில் போட்டுவிட முடியுமா? சேவ்களை, அதாவது கேமில் எட்டிய நிலையின் பதிவுகளை, என்ன செய்வது?

நிரல்வழி:

முடியாது. புதிய கருவி கேம்களுக்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் வகைக் கார்டுகளை மட்டுமே ஏற்கும். பழைய கார்டிலிருந்து படங்களையும் காணொளிகளையும் மட்டும் நகலெடுத்துக்கொள்ளலாம். இணையத்தில் வாங்கியவற்றை மறுபடி பதிவிறக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, செருகினால் போதும்.

சேவ்களைப் பொறுத்தவரை அவசரப்படாதீர்கள். போக்கிமான் வரிசையின் பெரும்பாலான கேம்களில் கிளவுட் சேமிப்பு வசதி இல்லாததால், பழைய கருவியிலிருந்து முறையாக இடமாற்றம் செய்தால்தான் அவை உங்களோடு வரும். இரண்டு கருவிகளும் அருகருகே இருந்தால் நேரடியாகவே மாற்றிக்கொள்ளலாம். முன்பே விற்றாக வேண்டும் என்றால், தரவை நிறுவனத்தின் சர்வரில் ஏற்றிவைக்கும் வழியும் உண்டு. ஆனால் அப்படி ஏற்றியதும் பழைய கருவி முழுவதுமாக அழிக்கப்பட்டு ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், புதியது கைக்கு வரும்வரை உங்களால் விளையாட இயலாது. என் யோசனை, ஜூன் 5 வரை பழையதை வைத்திருங்கள். இடமாற்றம் முடிந்து, உங்கள் போக்கிமான் சேவ்கள் ஒவ்வொன்றையும் புதிய கருவியில் திறந்து பார்த்த பிறகு விற்றுக்கொள்ளலாம்.