"டிசிப்ளின்டு ஆசிலேட்டர்": தமிழில் என்ன சொல்லலாம்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். புயல் பருவம் தொடங்குவதற்குள் பள்ளி மாணவர்களுக்கு அமெச்சூர் வானொலி (உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானலையில் தொடர்புகொள்வது) வகுப்பு நடத்த இருக்கிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

நான் உரிமம் வாங்கிய நாளில் மேசைமேல் இருந்தது சாவி கொடுக்கும் கடிகாரம். தொடர்புகளைப் பதியும் லாக் புத்தகத்தில் உலகப் பொழுதை (யு.டி.சி.) எழுத வேண்டும் என்பதால், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தள்ளி வைத்திருப்பேன். அரை நிமிடம் பிசகினால் யாரும் கேட்டதில்லை. கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்ப 2017-இல் வந்த எஃப்.டி.8 முறையிலோ நிமிடம் நான்கு கூறுகளாகப் பிரிகிறது. 15 விநாடிக்கு ஒருமுறை ஒருவர் அனுப்ப, மற்றவர் கேட்க வேண்டும். கடிகாரம் இரண்டு மூன்று விநாடி தவறினால் நாம் அனுப்பியது எதிர்முனையில் எழுத்தாக விரியாது. இணையம் இருந்தால் நேரத்தை அதிலிருந்து பெறலாம். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று "தானே" புயல் கரையைக் கடந்தபோது இணையத்தை யார் கண்டார்கள்? மின்சாரமே இல்லை. அப்படிப்பட்ட நாளுக்குத்தான் டிசிப்ளின்டு ஆசிலேட்டர் என்ற இந்தப் பெட்டி. உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம். செயற்கைக்கோளிலிருந்து விநாடிக்கு ஒரு துடிப்பு வரும். படிகம் அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

சீரான அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் என்பதற்குப் பாடநூலில் அலையியற்றி என்ற சொல் இருக்கிறது. டிசிப்ளின்டு? "ஒழுங்குபடுத்திய அலையியற்றி" என்று எழுதிவிட்டேன். நான்கு பக்கம் முன்னால்தான் மின்னழுத்த ரெகுலேட்டருக்கு "ஒழுங்குபடுத்தி" என்று போட்டிருக்கிறேன். பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென்று நினைப்பார்கள்.

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, ஒழுங்கை விடுங்கள், ஒழுக்கத்தைப் பிடியுங்கள். ஒழுகு என்ற வினையிலிருந்து பிறந்தது ஒழுக்கம். இடையறாமல், ஒரு சீராக, ஒரு திசையில் செல்லுதல் அதன் பொருள். நன்னடத்தை என்பது அதிலிருந்து விரிந்தது. முல்லைப்பாட்டில் பாசறைக்கு வந்து அரசனுக்குப் பொழுது சொல்கிறவர்களை "பொழுது அளந்து அறியும் பொய்யா மாக்கள்" என்கிறார் நப்பூதனார். அவர்கள் கையாண்ட கருவி குறுநீர்க் கன்னல். சிறுகச் சிறுக நீர் ஒழுகுவதை வைத்து நாழிகையை அளந்தவர்கள் நாம். 24 நிமிடம் ஒரு நாழிகை, 60 நாழிகை ஒரு நாள். ஒழுகலே நம் கடிகாரம்! ஆகவே "ஒழுகு அலையியற்றி". இதைவிடப் பழமையும் பொருத்தமும் உடைய சொல் கிடைக்காது.

நெய்வேலியிலிருந்து, செவ்வாய் மாலை

ஐயா, பொறுத்தருளுங்கள். ஐப்பசி மழையில் கடலூர்ப் பிள்ளையிடம் "ஒழுகு" என்றால் அவன் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பான். பெட்டிக்குள் நடப்பதையும் அந்தச் சொல் காட்டவில்லை. படிகம் நொடிக்கு நொடி அசையாமல் ஓடும்; ஆனால் வெயில் ஏறினால் விலகும், வயதானாலும் விலகும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகினாலே 14 மெகாஹெர்ட்சில் 14 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்போம். செயற்கைக்கோளின் துடிப்பு நேர்மாறு: விநாடிக்கு விநாடி நூலிழை முன்பின் ஆடும், நாள் முழுதும் எண்ணிப் பார்த்தால் கணக்குப் பிசகாது. ஆகையால் பெட்டி அவசரப்படாமல், பல நிமிடத் துடிப்புகளைச் சேர்த்துப் பார்த்து, படிகத்தை மெல்ல இழுக்கிறது. யார் யாரைப் பின்பற்றுகிறார் என்பதுதான் சொல்லில் வர வேண்டும். வராவிட்டால் "ஜி.பி.எஸ். ஆசிலேட்டர்" என்றே அச்சிடுங்கள். கடையில் கேட்டு வாங்கவாவது உதவும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய் இரவு

"ஆற்றுப்படு அலையியற்றி" என்று சொல்லிப் பார்த்தேன். பரிசில் பெற்றவன் பெறாதவனை வழிப்படுத்துவது ஆற்றுப்படை. அணுக்கடிகாரம் உள்ள கோள், அது இல்லாத பெட்டிக்கு வழி சொல்கிறது. பொருள் அப்படியே பொருந்துகிறது. ஒரு தயக்கம்: எங்கள் பக்கத்தில் ஆற்றுப்படுத்தல் என்றால் மனம் நொந்தவருக்குத் தரும் உளவளத்துணை. போருக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு அந்தச் சொல்லோடு வாழ்ந்தவர்கள் நாங்கள். அதை ஒரு பெட்டிக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து, புதன் காலை

கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்தவன் நான். எங்கள் அறைக் கடிகார முகத்தில் 15 முதல் 18 நிமிடம் வரையும், 45 முதல் 48 நிமிடம் வரையும் சிவப்புப் பட்டை இருக்கும். நிமிட முள் அங்கே வந்தால் 500 கிலோஹெர்ட்சில் எல்லாக் கப்பலும் வாய்மூடி, அபாய அழைப்பு வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். 1999-உடன் அந்தக் காவல் முடிந்துவிட்டது. அந்தக் கடிகாரத்தைத் தினமும் நேரக்குறி ஒலிபரப்பைக் கேட்டு என் கையால் திருத்துவேன். புதுப் பெட்டியில் திருத்தும் கையும் உள்ளேயே இருக்கிறது. வேறுபாடு அவ்வளவே. அதற்கு ஒழுக்கம், அடக்கம் என்றெல்லாம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அது ஒன்றன் வழியே போகிறது.

மஞ்சக்குப்பத்திலிருந்து, புதன் இரவு

"வழியே போகிறது" என்று நீங்கள் எழுதியதும் புறநானூறு 192 நினைவுக்கு வந்தது. "நீர்வழிப் படூஉம் புணைபோல்". நீரின் வழியே செல்லும் தெப்பம். "வழிப்படு அலையியற்றி" என்று வைத்தால் என்ன? பின்பற்றுவதும் வருகிறது, சொல்லும் புதிதாகக் கட்டியதன்று.

நெய்வேலியிலிருந்து, புதன் இரவு

எனக்குச் சம்மதம். ஒற்று தவறி "வழிபடு அலையியற்றி" ஆனால் பெட்டி கும்பிடத் தொடங்கிவிடும். மெய்ப்புப் பார்ப்பவரிடம் சொல்லி வையுங்கள். கோள் தெரியாதபோது பெட்டி தன் நினைவிலேயே சில மணி நேரம் ஓடுமே, அதற்குத் "தாக்குப்பிடிப்பு" என்று போடுங்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து, வியாழன் மாலை

தாக்குப்பிடிப்பை எல்லோரும் ஏற்றுவிட்டார்கள். வழிப்படு அலையியற்றிக்கு நால்வர் இசைவு, ஒருவர் மறுப்பு. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் "ஜி.பி.எஸ். ஆசிலேட்டர் என்று கடைகளில் வழங்குவது" என ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டேன்.

லாஸ்பேட்டையிலிருந்து, வியாழன் இரவு

மறுத்த ஒருவன் நான்தான். "நீர்வழிப் படூஉம்" என்ற தொடரில் தெப்பத்தை நடத்துவது ஒழுகும் நீர். நீங்கள் தெப்பத்துக்குப் பெயர் வைத்துவிட்டு நீரை விட்டுவிட்டீர்கள். அடுத்த பதிப்புக்கு முன் விரிவாக எழுதுகிறேன்.