ஐப்பசி மழைக்கு எம்டிபில (மலை சைக்கிள்) மட்கார்டு: முன்னாடி மட்டும் போதுமா, ரெண்டும் வேணுமா, வேண்டவே வேண்டாமா?

கொடநாடு_ஏற்றம்:
குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். ஐப்பசி, கார்த்திகைல தேயிலைத் தோட்டத்து மண்ரோடு முழுக்கத் தண்ணியும் செஞ்சேறும்தான். வண்டி ஹார்ட்டெயில் (பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாதது), 29 x 2.35 அங்குல டயர், 120 மி.மீ ஏர் ஃபோர்க் (காத்தடைச்ச முன் சஸ்பென்ஷன்), டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை ஏத்தி இறக்குற குழாய்) இருக்கு. கடைல கம்பி ஸ்டே (தாங்குகம்பி) வச்ச முழுநீள மட்கார்டு போடச் சொல்றாங்க. ஃபோர்க் ஆர்ச்ல (டயருக்கு மேல ஃபோர்க் கால் ரெண்டையும் இணைக்கிற வளைவு) கட்டுற குட்டி மட்கார்டு போதும்னு கூட ஓட்டுறவங்க சொல்றாங்க. எது சரி? காரணத்தோட சொல்லுங்க.

செயின்_ஆயில்:
முன்னாடி குட்டி மட்கார்டு, கண்ணை மூடிட்டுப் போடுங்க. பின்னாடி வேண்டாம்.

முன் சக்கரத்துல பின்பக்கமா மேல ஏறி வர்ற டயர்லேருந்து கிளம்புற சேறு மேலயும் முன்னாடியும் பறக்குது. காத்து அதோட வேகத்தைக் குறைச்சதும் நாம போய் அதுல முகத்தைக் குடுக்கிறோம். இறக்கத்துல 30 கி.மீ வேகத்துல கண்ணுல சேறு அடிச்சா அடுத்த வளைவு தெரியாது. ஆர்ச்சுக்கு அடியில போற பிளாஸ்டிக் துண்டு அதைத்தான் தடுக்குது. என்டியூரோ, டவுன்ஹில் ரேஸ் வண்டிகள்லயே மழைன்னா அது இருக்கும். ராக்‌ஷாக்ஸ், ஃபாக்ஸ்னு ஃபோர்க் கம்பெனிங்க ரெண்டு பேரும் புது ஃபோர்க்குகள் பலதுல மட்கார்டு மாட்ட ஆர்ச்லயே ஓட்டை விட்டுருக்காங்க. சும்மா விடுவாங்களா?

கரிசல்_சக்கரம்:
"கண்ணை மூடிட்டு"ன்னதுதான் தப்பு. மண் என்னன்னு கேக்காம மட்கார்டு சொல்லக் கூடாது.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல். நனைஞ்சா உப்பிப் பிசினாயிரும். மழை கொட்டும்போதுகூடத் தப்பிச்சிரலாம். மழை விட்ட மறுநாள், அரைகுறையாக் காஞ்சிருக்கும் பாருங்க, அப்பதான் மோசம். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு அடுக்கு ஏறும், கூடவே கோரையும் பருத்திக் குச்சியும் ஒட்டிட்டு வரும். மட்கார்டுக்கு அடியில இருக்கிற 10 மி.மீ இடைவெளி கண்ணு முன்னாடியே அடைஞ்சு சக்கரம் நின்னுரும். பின் சக்கரம் அப்படி நிக்கும்போது வம்படியா மிதிச்சா, கியர் மாத்துற டெரெய்லர்ல புல்லும் களியும் சிக்கி, அதைத் தாங்குற ஹேங்கர் ஒடியும். மட்கார்டே இல்லாத வண்டிக்கே அங்க ஆர்ச்லயும் செயின்ஸ்டே (பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் போற கீழ்க் குழாய்) நடுவுலயும் அடைக்கும். இதுல இடத்தை இன்னும் குறைப்பாங்களாம்!

2.2 அகல டயர், அதுல தள்ளித் தள்ளி இருக்கிற உயரமான ரப்பர் கட்டைகள், நிறமில்லாத கண்ணாடி, களியைத் தோண்ட ஒரு பிளாஸ்டிக் டயர் லீவர். அவ்வளவுதான் வேணும்.

செயின்_ஆயில்:
அண்ணாச்சி, கேட்டவர் ஓட்டுறது கோத்தகிரில, கோவில்பட்டில இல்ல. அங்க செம்மண், சரளை, தண்ணி. டயர்ல ஒட்டி அடுக்கா ஏறாது, கரைஞ்சு தெறிக்கும். நீங்க சொல்ற கண்ணாடி இறக்கத்துல உதவும். ஏத்தத்துல மிதிக்கும்போது மூச்சுச் சூட்டுக்கு உள்பக்கம் பனி பிடிச்சிரும், வெளிய சேறு, துடைச்சா கீறல். அப்புறம் கழட்டித் தலையில மாட்டிட்டுதான் ஓட்டுவாங்க.

கரிசலுக்கு மட்கார்டு வேண்டாம்கிறது சரிதான். அங்க போறப்ப நாலு கேபிள் டையை வெட்டிட்டா முடிஞ்சது.

மழைமேகம்_29:
ரெண்டு பேரும் பின்னாடியை மறந்துட்டீங்க. 1,800 மீட்டர் உயரத்துல, மழைல, நாலு மணி நேரம் நனைஞ்ச ஷார்ட்ஸோட உக்காந்து பாருங்க. பின் சக்கரம் முதுகுல கோடு போடுறது பெரிய விஷயமில்ல. சீட்டுல உக்கார்ற இடத்துல மணல் ஊறித் தோலை உரிச்சிரும். குளிர் வேற. முகத்தைத் துடைச்சுக்கலாம், இதை என்ன பண்றது?

ஆனா எதை மாட்டுறதுன்னு பாக்கணும். சீட் போஸ்ட்ல கிளாம்ப் போட்டு நீட்டிட்டு நிக்கிற வகை டிராப்பர் போஸ்டுக்கு ஆகாது. மேல ஏறி இறங்குற வழவழப்பான குழாயில கிளாம்ப் போட்டா கீறல் விழும், சீல் கிழியும். சீட்டோட கம்பில சொருகுற நாக்கு மாதிரி துண்டு சீட்டை இறக்கினதும் டயர்ல உரசும், அதுவும் உக்கார்ற இடத்தைக் கொஞ்சம்தான் மறைக்கும். ஹார்ட்டெயிலுக்குச் சரியானது சீட்ஸ்டேல (சீட்டுக்குக் கீழேருந்து பின் சக்கர அச்சுக்குப் போற குழாய்) கட்டுற அகலமான வகை. அது டயரோட கூடவே நிக்கும், சீட் மேல போனா என்ன கீழ போனா என்ன. கட்டுற இடத்துல முதல்ல தெளிவான பாதுகாப்பு டேப் ஒட்டுங்க. டைக்கு அடியில மாட்டுற மணல் உப்புத்தாள் வேலை பாத்துப் பெயின்டைத் தின்னுரும்.

கரிசல்_சக்கரம்:
சீட்ஸ்டே மட்கார்டு நீளமா பின்னாடி தொங்கும், கல்லு ரோட்டுல ஆடி ஆடி டை தளரும். ரெண்டு ரைடுக்கு ஒருக்கா இழுத்துக் கட்டணும். ஆனா கடைக்காரர் சொன்ன முழுநீள மட்கார்டைவிட இது ஆயிரம் மடங்கு தேவலை, அதை ஒத்துக்கிறேன்.

நீலகிரில அந்த முழுநீளத்தை ஏன் போடக் கூடாதுன்னா, கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். பட்டை நீள நீளமா நாடா மாதிரி உரிஞ்சு ரோட்டுல கிடக்கும். காஞ்சிருந்தா ஒடிஞ்சு போயிரும். மழைல நனைஞ்சது தோல் வார் மாதிரி ஆயிரும். ஒரு முனை டயர் கட்டைல மாட்டும், மறுமுனை ஸ்டே கம்பில சுத்தும். அடுத்த அரைச் சுத்துல கம்பி வளைஞ்சு, மட்கார்டு மொத்தமா ஆர்ச்சுக்குள்ள சுருண்டு முன் சக்கரம் பூட்டிக்கும். ஆள் ஹேண்டில்பாருக்கு மேல பறப்பார். எஸ்கேஎஸ் மாதிரி கம்பெனிங்க முன் ஸ்டே முனைல இழுத்தா கழண்டுக்கிற கிளிப் வைக்கிறது இதுக்குத்தான். விலை மலிவானதுல அது இருக்காது.

அது போக, சஸ்பென்ஷன் ஃபோர்க்ல அந்த ஸ்டே கம்பியை எங்க மாட்டுவாங்க? பெரும்பாலான ஃபோர்க்ல கீழ ஓட்டையே கிடையாது.

மழைமேகம்_29:
அது நூத்துக்கு நூறு. முழுநீளம் தார்ரோட்டுல, சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க் வச்ச வண்டிக்கு.

இன்னொண்ணு. சேறு வாய்க்குள்ள போறதை யாரும் பேசல. 2008ல வேல்ஸ் நாட்டு பில்த் வெல்ஸ்ல நடந்த மலை சைக்கிள் போட்டிக்கு அப்புறம் நிறையப் பேருக்குக் கேம்பிலோபாக்டர் கிருமியால வயித்துப்போக்கு. ஆட்டுப் புழுக்கை கலந்த சேறு வாய்க்குள்ள போனதுதான் காரணமா இருக்கும்னு ஆய்வுல வந்தது. கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியாலயும் 2007ல ஒரு போட்டில இதே கதை. நம்ம ரோட்டுல மாடு, எருமை, நாய், பன்றி எல்லாம் போகுது, எலிக்காய்ச்சல் பயமும் இருக்கு. டவுன்டியூப்ல (ஃபிரேமோட சரிஞ்ச கீழ்க் குழாய்) மாட்டுற பாட்டில் வாய்தான் நேரா சேறு வாங்குற இடம். மூடி போட்ட பாட்டில் வாங்குங்க, இல்லாட்டி முதுகுல மாட்டுற தண்ணிப் பை.

செயின்_ஆயில்:
மூடி போட்ட பாட்டிலுக்கு என் ஓட்டும். ஃபோர்க் சீலையும் சேத்துக்கோங்க. ஆர்ச்சுக்குப் பின்னாடி சேறு அப்பி ஸ்டான்சியன்ல (ஃபோர்க்கோட வழவழப்பான மேல் குழாய்) வழிஞ்சு சீல் ஓரத்துல தங்குது. குட்டி மட்கார்டு அதைப் பெருசா குறைக்கும்.

கரிசல்_சக்கரம்:
குறைக்கும், நிறுத்தாது. மட்கார்டு இருக்குன்னு நம்பி சர்வீஸைத் தள்ளிப் போடுறதுதான் நடக்குது. ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குக்குக் கீழ்க்கால் (ஸ்டான்சியன் உள்ள இறங்குற கீழ்க் குழாய்) சர்வீஸ் 50 மணி நேரத்துக்கு ஒருக்கா. அது சாதாரண ஓட்டத்துக்குச் சொன்னது, மழைல அதுல பாதிக்கே எண்ணெயைத் திறந்து பாருங்க. பிரஷர் வாஷர்ல சீலைப் பாத்து அடிக்கவே அடிக்காதீங்க. அது பண்ற சேதத்தை எந்த மட்கார்டும் சரிக்கட்டாது.

கொடநாடு_ஏற்றம்:
சரி, முழுநீளம் வேண்டாம். குட்டி மட்கார்டைச் சரியா கட்டுறது எப்படி? கடைல வாங்கணுமா, நாமளே வெட்டிக்கலாமா?

செயின்_ஆயில்:
வெட்டிக்கலாம். ஏ4 அளவு பிளாஸ்டிக் ஃபைல் அட்டை போதும், ஆனா கெட்டியானது வேணும். 0.5 மி.மீ அட்டை காத்துக்கே படபடன்னு அடிச்சு டயர்ல உரசும். 1 மி.மீ கிட்ட இருக்கிறதை எடுங்க, இல்ல ரெண்டு அட்டையை அடுக்கிக் கட்டுங்க. தண்ணி பாட்டிலை வெட்டாதீங்க, ஓரம் கத்தி.

முன்னாடி சின்ன முனை ஆர்ச்சைத் தாண்டி 4, 5 செ.மீ நீட்டினா போதும். நீளமான பக்கம் ஆர்ச்சுக்கு அடியில நுழைஞ்சு கிரவுனுக்குக் (ஃபோர்க் கால் ரெண்டும் மேல சேர்ற இடம்) கீழ பின்னாடி போகணும். ஆர்ச்ல ரெண்டு டை, கீழ்க்கால் ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு. 200 மி.மீ நீளம், கறுப்பு நிறம். வெள்ளை டை வெயில்ல சீக்கிரம் நொறுங்கும். டை கீழ்க்கால்லதான், ஸ்டான்சியன் பக்கமே போகக் கூடாது. இடது கால்ல பிரேக் ஹோஸ் வரும், டையை அதுக்கு அடியில விடுங்க. டை தலை வெளிய பாத்து இருக்கட்டும், வாலை நிப்பர்ல ஒட்ட வெட்டுங்க.

எல்லாரும் விடுற வேலை ஒண்ணு இருக்கு. ஷாக் பம்ப்ல இப்ப இருக்கிற காத்தழுத்தத்தைக் குறிச்சுக்கிட்டு, ஃபோர்க் காத்தை முழுசா விட்டு, அடிவரைக்கும் அமுக்குங்க. அமுக்கினபடியே ஹேண்டிலை ரெண்டு பக்கமும் திருப்புங்க. கிரவுனோ டவுன்டியூபோ மட்கார்டை டயர்மேல அழுத்துதான்னு தெரிஞ்சிரும். அழுத்தினா பின் முனையை வெட்டிக் குறைங்க. மானிட்டூ ஃபோர்க்னா ஆர்ச் பின்பக்கம் இருக்கும், இந்த அளவு எதுவும் ஒத்து வராது.

கொடநாடு_ஏற்றம்:
ஆர்ச் முன்னாடிதான். டயருக்கும் ஆர்ச்சுக்கும் நடுவுல 9 மி.மீ இருக்கு.

கரிசல்_சக்கரம்:
அட்டை ஒண்ணு, அது தொங்குறது ஒண்ணு ரெண்டு. மிச்சம் 6. சரளைக் கல் ஒண்ணு மாட்டினா கிர்ர்னு சத்தம்தான். முன்னாடி 2.2 டயர் போடுங்க, இல்லாட்டி மட்கார்டை மறந்துருங்க.

செயின்_ஆயில்:
டயர் மாத்த வேண்டாம். ஆர்ச் டையை இறுக்கி அட்டையை ஆர்ச்சோட ஒட்ட வச்சா 8 மி.மீ மிஞ்சும், தண்ணிக்கும் செஞ்சேத்துக்கும் அது போதும். கற்பூர மரத்துக்கு அடியில போற ரோட்டுல மட்டும் அப்பப்ப நிறுத்திப் பட்டை சிக்கியிருக்கான்னு பாருங்க.