பத்தாயிரம் ரூபாய் டேப் படிப்புக்கு ஆகுமா, இல்லை ஜெராக்ஸ் கடைக்கே கொடுத்துவிடலாமா?

ஊசிநூல்:
குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். பகலில் தையல் கடை, இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் புத்தகம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளிப் பாடநூல்களை எல்லாம் பிடிஎஃப்பாக இறக்கி போனில் வைத்திருக்கிறேன், ஆனால் அந்தச் சின்னத் திரையில் விரலால் விரித்து, வலப்பக்கம் தள்ளி, மறுபடி இடப்பக்கம் இழுத்து அடுத்த வரிக்கு வருவதற்குள் முந்தைய வரி மறந்துபோகிறது. 200 கேள்விக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் பாதி இப்படித் தள்ளுவதிலேயே போகிறது.

பட்ஜெட் 10,000. இழுத்துப் பிடித்தால் 13,000. தம்பி 8.7 இஞ்ச் டேப் (டேப்லெட்) போதும் என்கிறான். வீட்டுக்காரர் "அந்த விலைக்கு வாங்குவதெல்லாம் ஆறு மாதத்தில் படுத்துவிடும்" என்கிறார். கையில் வைத்திருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். படிப்பதும் யூடியூப் வகுப்பு பார்ப்பதும் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

மொட்டைமாடி:
மூன்று வருடமாக 8 இஞ்ச் டேப் வைத்திருக்கிறேன், 3 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் இடம்), 32 ஜிபி மெமரி (சேமித்து வைக்கும் இடம்). ஆறு மாதத்தில் படுக்கவில்லை அக்கா, படுத்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், நடக்கிறது, ஆனால் ஆமை மாதிரி. பிடிஎஃப் திறந்துகொண்டே குரோமில் ஏதாவது தேடிவிட்டுத் திரும்பினால் பிடிஎஃப் முதல் பக்கத்திலிருந்து மறுபடி திறக்கும். 32 ஜிபியில் சிஸ்டமே பாதிக்குப் பக்கத்தில் தின்றுவிட்டது, வாட்ஸப் போடவே இல்லை. அதிலும் ஒரு நன்மை: படிக்கும்போது யாரும் கூப்பிட மாட்டார்கள்! பேட்டரி இன்னமும் இரண்டு நாள் வருகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. வாங்கிய மூன்றாம் மாதமே அது என் கையில் இல்லை. அக்கா மகன் கார்ட்டூன் பார்க்கிறான். லாக் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சால்டரிங் சாமி:
பதினோரு வருடமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். விலை குறைந்த டேப் எங்கே சாகிறது என்று சொல்கிறேன். முதலில் சார்ஜிங் பின். பிள்ளைகள் சார்ஜரோடு சேர்த்து இழுத்தே உடைப்பார்கள், அது சின்னச் செலவு. இரண்டாவது கண்ணாடி. பேர் தெரியாத பிராண்டு என்றால் டிஸ்ப்ளே கிடைக்கவே கிடைக்காது, நான் என்ன செய்ய முடியும், தூக்கித்தான் போட வேண்டும். மூன்றாவது பேட்டரி: வருடக்கணக்கில் சார்ஜரிலேயே கிடந்து, உப்பி, திரையையே மேலே தள்ளிவிடும்.

வாங்கும்போது "12 ஜிபி ரேம்" என்று பெரிதாக அட்டையில் போட்டிருந்தால் சின்ன எழுத்தைப் பாருங்கள் மேடம். நிஜ ரேம் 4, மீதி 8 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது என்று இருக்கும். ஸ்டோரேஜ் (சேமிக்கும் மெமரி) மெதுவான இஎம்எம்சி வகையா, வேகமான யுஎஃப்எஸ் வகையா என்றும் கேளுங்கள். கடைக்காரருக்கும் தெரியாது, ஆனாலும் கேளுங்கள். இஎம்எம்சி நிரம்ப நிரம்ப இழுக்கும், மொட்டைமாடி சொன்ன ஆமைக்குப் பாதிக் காரணம் அதுதான். 4 ஜிபி ரேம், 64 ஜிபி, மெமரி கார்டு போடும் இடம், இதற்குக் கீழே இறங்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
எல்லோரும் ரேமைப் பற்றியே பேசுகிறீர்கள், அவர் கேட்டது படிக்க முடியுமா என்று. அகலத்தைப் பாருங்கள். ஏ4 தாள் 210 மிமீ. 6.5 இஞ்ச் போனை நிமிர்த்திப் பிடித்தால் 68 மிமீ பக்கம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. 8.7 இஞ்ச் டேப் (கேலக்ஸி டேப் ஏ9 மாதிரி, 1340x800 பிக்சல்) நிமிர்த்தினால் 113 மிமீ, பாதியைக் கொஞ்சம் தாண்டும். 11 இஞ்ச் (ரெட்மி பேட் எஸ்இ மாதிரி, 1920x1200 பிக்சல்) 148 மிமீ, சரியாக ஒரு ஏ5 நோட்டு அகலம். உங்கள் பிடிஎஃப் ஏ4 பக்கம் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு பாயின்ட் (எழுத்தின் அளவு) எழுத்து 8.7இல் ஆறரைப் பாயின்ட்டாகும், 11இல் எட்டரை. ராத்திரி பத்து மணிக்கு ஆறரைப் பாயின்ட் தமிழ் எழுத்தில் கொம்பும் புள்ளியும் ஒன்றாகிவிடும்.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், 8.7ஐப் படுக்கப் போட்டால் அகலம் 190 மிமீ கிடைக்கும், எழுத்து கிட்டத்தட்ட நிஜ அளவு. ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று தடவை கீழே தள்ள வேண்டும். இடம் வலம் இழுப்பதைவிட அது எவ்வளவோ மேல். வாங்கும் முன் அட்டையில் 113க்கு 190 மிமீ வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள், செலவே இல்லாத சோதனை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
மகன் வாங்கிக்கொடுத்த டேபில் படம் போட்டால் மங்கலாக வந்தது. கண்ணில்தான் கோளாறு என்று டாக்டரிடம்கூடப் போனேன். அப்புறம் பேரன்தான் வைட்வைன் எல்3 என்றான், படத்தைத் திருடாமல் காக்கும் பூட்டின் கீழ்நிலையாம்; மேல்நிலையான எல்1 இல்லாத டேபில் நெட்ஃப்ளிக்ஸ் 480பிக்கு மேல் காட்டாதாம். உங்களுக்கு யூடியூப் மட்டும் என்றால் இந்தத் தலைவலி இல்லை அம்மா.

ஒரு விஷயம், சில பழைய தமிழ் பிடிஎஃப்களில் எழுத்துரு யூனிகோடு (எல்லாக் கருவிக்கும் புரியும் பொது எழுத்துக் குறியீடு) இல்லை. டேபில் "சிலப்பதிகாரம்" என்று தேடினால் ஒன்றும் வராது, பக்கத்தில் கண்ணெதிரே இருக்கும். தேடலாம் என்று நம்பி டேப் வாங்காதீர்கள்.

ஊசிநூல்:
எல்லோருக்கும் நன்றி. அட்டை வெட்டிப் பார்த்தேன், கடையில் அளவெடுக்கும் டேப் இருக்கிறதே! நிமிர்த்தினால் ஆகாது, படுக்கப் போட்டால் பரவாயில்லை. ஆனால் தமிழ்ப் பகுதி மட்டும் 100 கேள்வி, அந்தப் புத்தகங்களில் கோடு போட்டுப் படிக்காவிட்டால் எனக்கு ஏறாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள், ஆறு முதல் எட்டு வரை தமிழ்ப் புத்தகம் தருகிறேன் என்கிறாள். மீதிக்கு மட்டும் டேப். சாமி அண்ணா, பழைய 10 இஞ்ச் டேப் ஒன்று 7,000க்கு வருகிறது, என்ன பார்க்க வேண்டும்?

சால்டரிங் சாமி:
மேசையில் படுக்க வைத்து நாலு மூலையையும் அமுக்குங்கள், ஆடினால் பேட்டரி உப்புகிறது, விட்டுவிடுங்கள். சார்ஜரை மாட்டி லேசாக அசைத்துப் பாருங்கள், சார்ஜ் விட்டுவிட்டு ஏறக்கூடாது. வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து திரையில் மஞ்சள் திட்டு இருக்கிறதா பாருங்கள். பழைய ஆள் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் முன்னாலேயே ரீசெட் போட்டுக்கொடுக்கட்டும், இல்லாவிட்டால் வீட்டில் வந்து அவர் பாஸ்வேர்டு கேட்கும். அப்புறம் உங்கள் கனமான பிடிஎஃப் ஒன்றை மெமரி கார்டில் கொண்டுபோய் அங்கேயே திறந்து நூறு பக்கம் தள்ளுங்கள். திணறினால் 5,000 கேளுங்கள், தரமாட்டார், கிளம்பிவிடுங்கள்.