எபேசியர் 5:33: மனைவி கணவனுக்குப் பயப்பட வேண்டுமா?

சொல்வேட்டை:
பவுல் எபேசியருக்கு எழுதிய கடிதத்திலிருந்து கல்யாண ஆராதனையில் அடிக்கடி கேட்கும் வசனம்: "மனைவியும் புருஷனிடத்தில் பயபக்தியாயிருக்கக்கடவள்." நம் பழைய மொழிபெயர்ப்பு 'பயபக்தி' என்கிறது. கிரேக்க மூலத்தில் பக்தி எங்கே இருக்கிறது? 'ஃபோபேத்தாய்', அதாவது பயப்படு என்ற ஒரே வினைதான். மாற்கு 11:32இல் ஆசாரியர்களும் மூப்பர்களும் ஜனக்கூட்டத்துக்குப் பயந்தார்களே, அதே வினை. பவுல் எழுதியது கசக்கிறது என்று சர்க்கரை தடவிவிட்டோம். இல்லை என்பவர்கள் வரலாம்.

முத்துநகர்வாசி:
பிரதர், வினையை மட்டும் பிடித்துத் தொங்கினால் எப்படி? யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? அதே மாற்குவில் 6:20ஐ எடுங்கள். ஏரோது யோவானுக்குப் பயந்தான். சிறையில் கிடப்பவன் யோவான், சிம்மாசனத்தில் இருப்பவன் ஏரோது. கைதி ராஜாவை என்ன செய்துவிட முடியும்? அவன் நீதிமான், பரிசுத்தவான் என்று தெரிந்து பயந்தான். அவன் பேச்சை விருப்பத்தோடு கேட்கவும் செய்தான். இதுவும் நீங்கள் சொல்லும் வினைதான்.

அப்புறம், பவுல் ஊறி வளர்ந்தது கிரேக்கப் பழைய ஏற்பாட்டில். லேவியராகமம் 19:3 தாய்க்கும் தகப்பனுக்கும் பயந்திருக்கச் சொல்கிறது. அங்கேயும் இதே வினை. அம்மாவைக் கண்டால் வெடவெடத்துப் போகவா கட்டளை? பயப்படுவதைக் குறிக்கும் எபிரெயத்தின் 'யாரே' என்ற சொல்லுக்கு இதையே போட்டுப் போட்டு, மரியாதையும் பணிவும் இந்தக் கிரேக்கச் சொல்லுக்குள் குடியேறிவிட்டன.

சொல்வேட்டை:
மரியாதைதான் வேண்டுமென்றால் 'திமாவோ' இருக்கிறதே! இரண்டே வசனம் தள்ளி, 6:2இல் "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணு" என்பது அந்தச் சொல்தான். 1 பேதுரு 2:17இல் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன: தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள். ராஜாவுக்கே கனம் போதும், வீட்டுக்காரருக்குப் பயமா? இது கேட்க வேண்டிய கேள்வி. 'மரியாதை' என்று மாற்றிவிட்டால் கேள்வியே எழாமல் போய்விடும்.

அடுப்படி இறையியல்:
கிரேக்கர்களையே கேட்டுவிடலாம். ஆர்த்தடாக்ஸ் திருமணத்தில் நிருப வாசகம் இந்தப் பகுதிதான். இந்த வசனத்தோடுதான் முடியும். வாசிப்பவர் அந்த வரிக்கு வந்ததும் மணப்பெண் மாப்பிள்ளையின் காலை ஓங்கி ஒரு மிதி மிதிப்பது அங்கே வழக்கம். விவரம் தெரிந்த மாப்பிள்ளை முந்திக்கொண்டு காலை இழுத்துக்கொள்வார். இன்றைய கிரேக்கத்திலும் அந்த வினைக்குப் பயப்படு என்பதுதான் அர்த்தம். மரியாதை என்று காதில் விழுந்தால் அவள் ஏன் மிதிக்கப் போகிறாள்?

முத்துநகர்வாசி:
சிஸ்டர், ரசித்தேன். ஆனால் இன்றைய காதை வைத்து முதல் நூற்றாண்டை அளக்க முடியாது. சங்கப் பாட்டில் நறுமணத்தை 'நாற்றம்' என்று சொன்னால் மூக்கைப் பொத்துவோமா? பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமரிடம் போனால், இந்த வினையின் பெயர்ச்சொல்லான 'ஃபோபோஸ்' என்பது போர்க்களத்தில் புறமுதுகிட்டு ஓடுவது. அதையும் இங்கே போட்டு, மனைவி ஓடக்கடவள் என்று வாசிப்பீர்களா?

வரிக்குவரி:
சர்க்கரை தடவியது நம்மவர்கள் மட்டுமில்லை. லத்தீன் வேதாகமமான வுல்காத்தா, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டிண்டேல், ஜெர்மனில் மொழிபெயர்த்த லூத்தர் எல்லாம் நேராகப் 'பயம்' என்றே போட்டார்கள். 1611இல் வந்த ஆங்கில ஜேம்ஸ் அரசர் பதிப்பு 'பயபக்தி' பக்கம் நகர்ந்தது. பிந்தைய ஆங்கிலப் பதிப்புகள் பல 'மரியாதை'க்கு இறங்கிவிட்டன.

நீங்கள் இருவரும் 5:21ஐ விட்டுவிட்டீர்கள். ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்கிற அந்த வசனத்தில் 'ஃபோபோஸ்' இருக்கிறது: பழைய கையெழுத்துப் பிரதிகளில் கிறிஸ்துவுக்குப் பயந்து, நம் மொழிபெயர்ப்பில் 'தெய்வபயத்தோடே'. பகுதி அந்தச் சொல்லில் தொடங்கி அதன் வினையில் முடிகிறது. 33ஐ மட்டும் வெட்டி எடுத்து மனைவி கையில் கொடுப்பதுதான் கோளாறு. 21ஆம் வசனம் கணவனுக்கும் சேர்த்துத்தான்.

சொல்வேட்டை:
அழகான வாதம். ஆனால் பகுதி அங்கே முடியவில்லையே! 6:5இல் அடிமைகள் எஜமான்களுக்குப் "பயத்தோடும் நடுக்கத்தோடும்" கீழ்ப்படிய வேண்டும். அங்கேயும் 'ஃபோபோஸ்'தான். 6:9இல் எஜமான்களிடம் மிரட்டுவதை விடச் சொல்கிறார். மிரட்டல் இருந்த இடத்தில் பயம் பயம்தான். அந்தக் காலத்து வீட்டில் மனைவி, பிள்ளை, அடிமை எல்லாரும் ஒரே ஆளின் அதிகாரத்துக்குக் கீழே.

அடுப்படி இறையியல்:
1 பேதுரு 3ஐயும் பாருங்கள். வசனத்துக்குக் கீழ்ப்படியாத கணவர்களோடு வாழும் பெண்களுக்கு எழுதியது. 3:2இல் அவர்கள் நடக்கை 'ஃபோபோஸ்' உள்ளது. 3:6இல் எந்த மிரட்டலுக்கும் பயப்படாதிருங்கள் என்று அதே வினை, எதிர்மறையில். அப்படியானால் 3:2இல் உள்ள பயம் தேவனுக்கு, கணவனுக்கு இல்லை.

சொல்வேட்டை:
பேதுருவில் ஒத்துக்கொள்கிறேன். அங்கே யாருக்குப் பயம் என்று சொல்லவில்லை, தேவனுக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். எபேசியரில் அந்த வசதி இல்லை: 'தொன் ஆந்த்ரா', புருஷனுக்கு என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். பேதுருவுக்குப் 'பயபக்தி' சரி. இங்கே 'பயம்' என்று போட்டுவிட்டு, பிரசங்கியார் விளக்கட்டும்.

முத்துநகர்வாசி:
அவர் விளக்கிக்கொண்டிருப்பார் பிரதர், கேட்கிற மாப்பிள்ளை முதல் சொல்லோடு நிறுத்திக்கொள்வான். என் ஓட்டு 'பயபக்தி'க்கே.